கரண்டு போகவில்லை, நியூட்ரல் போனது! டி.வி., பிரிட்ஜ் கருகும் மர்மம் என்ன?

வீட்டில் கரண்டு இருக்கிறது. பியூஸ் போகவில்லை. மெயின் சுவிட்சும் அப்படியே இருக்கிறது. ஆனால் டி.வி.யின் பின்னால் இருந்து குபுகுபு என்று புகை வருகிறது!

மாடி வீட்டில் பல்பு "பட்" என்று வெடிக்கிறது. கீழ் வீட்டிலோ பல்பு மின்மினிப் பூச்சி மாதிரி மங்கிப் போய்க் கிடக்கிறது. எதிர் வீட்டில் பேன் பேய் பிடித்தது போல் சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் "உம்... உம்..." என்று முனகுகிறது. ஓட மாட்டேன் என்கிறது.

ஒரே கட்டடம். ஒரே நேரம். வீட்டுக்கு ஒரு கூத்து!

சென்னை நகரில் மழைக்காலம் வந்து விட்டால் ஏதாவது ஒரு தெருவில் இந்தக் கூத்து நடக்கத்தான் செய்கிறது. மறுநாள் காலையில் கருகிப் போன போர்டுகளைப் பையில் போட்டுக் கொண்டு ஜனங்கள் ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு வயர். அதன் பெயர் "நியூட்ரல்".

மாடிப்படி பேச்சு

இப்படி நடந்ததும் மாடிப்படியில் கூட்டம் கூடும். ஆளுக்கு ஒன்று பேசுவார்கள்.

"ஏன்க்கா, உங்க வீட்ல லைட்டு ரொம்ப பளிச்சுனு எரியுதா?"

"ஐயோ, டியூப் லைட்டு போயிடுச்சும்மா. மிக்சிகூட ஏதோ வாசனை வருது."

"ஹை வோல்டேஜ் விட்டுட்டானுங்க சார். டிரான்ஸ்பார்மர்ல ஏதோ வெடிச்சிருக்கும்."

கடைசியில் பேசியவர் சொன்னது பாதி சரி. வீட்டுக்குள் ஹை வோல்டேஜ் வந்தது உண்மை. ஆனால் அதை யாரும் விடவில்லை! டிரான்ஸ்பார்மர் எப்போதும் கொடுக்கிற வோல்டேஜைத்தான் அப்போதும் கொடுத்துக் கொண்டிருந்தது. ஒரு வோல்ட் கூட அதிகம் இல்லை.

பிறகு எப்படி வந்தது? அதுதான் விஷயம்.

நான்கு வயர்கள்

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்குள் 11 ஆயிரம் வோல்ட் மின்சாரம் போகிறது. அது குறைக்கப்பட்டு, நான்கு வயர்களில் வெளியே வருகிறது. மூன்று வயர் "பேஸ்". சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடையாளம். நான்காவது வயர் நியூட்ரல். அதற்குக் கறுப்பு நிறம்.

எந்த ஒரு பேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். வீட்டில் பல்பும் பேனும் ஓடுவது இதில்தான்.

ஒரு பேசுக்கும் இன்னொரு பேசுக்கும் நடுவில் எவ்வளவு? 400 வோல்ட்! "440" என்று எலெக்ட்ரீசியன்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு கட்டடத்தில் 12 வீடு இருந்தால், 4 வீட்டுக்கு சிவப்பு பேஸ், 4 வீட்டுக்கு மஞ்சள், 4 வீட்டுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் நியூட்ரல்? அது எல்லா வீட்டுக்கும் பொது. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே கிணறு மாதிரி.

அந்தப் பொது வயர் எங்காவது அறுந்தால், அல்லது ஜாயின்ட் விட்டுப் போனால், அந்த இடத்துக்குப் பிறகு இருக்கும் அத்தனை வீடும் மாட்டிக் கொள்ளும். முன்னால் இருக்கும் வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. "எதிர் வரிசைக்காரனுக்கு மட்டும் ஒண்ணும் ஆகலியே!" என்று வயிற்றெரிச்சல் படுவது அதனால்தான்.

முளை பிடுங்கியது

கயிறு இழுக்கும் போட்டி எல்லோருக்கும் தெரியும். இரண்டு பக்கம் இழுப்பார்கள். இங்கே மூன்று பேர் மூன்று மூலையில் நிற்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவில் ஒரு இரும்பு வளையம். மூன்று கயிறும் அதில் கட்டப்பட்டு இருக்கிறது. வளையத்தை நட்ட நடுவில் முளை அடித்து நிறுத்தி இருக்கிறார்கள்.

யார் எவ்வளவு பலமாக இழுத்தாலும் வளையம் நகராது. மூன்று பேர் கையில் இருந்தும் வளையம் ஒரே தூரத்தில் நிற்கும். அந்தத் தூரம்தான் 230 வோல்ட். அந்த முளைதான் நியூட்ரல்.

முளையைப் பிடுங்கி விட்டால்?

பலசாலி இழுத்த பக்கம் வளையம் ஓடும். அவனுக்குக் கயிறு குட்டையாகி விடும். நோஞ்சான் பக்கம் கயிறு நீண்டு விடும்.

மின்சாரத்தில் பலசாலி யார்? அதிக கரண்டு இழுக்கும் வீடு. ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் ஓடும் வீடு. அங்கே வோல்டேஜ் இறங்கும். நோஞ்சான் யார்? ஒரு பல்பும் டி.வி.யும் மட்டும் ஓடுகிற வீடு. அங்கே வோல்டேஜ் ஏறும்.

அதாவது, சிக்கனமாக இருப்பவன் வீட்டுச் சாமான்தான் முதலில் எரிகிறது! இதை என்னவென்று சொல்வது?

கணக்கு இதோ

வெறும் பேச்சு வேண்டாம். கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

சிவப்பு பேஸ் வீட்டில் ஒரு 100 வாட் குண்டு பல்பு எரிகிறது. மஞ்சள் பேஸ் வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. வேறு எதுவும் இல்லை. நியூட்ரல் அறுந்து விடுகிறது.

இப்போது கரண்டு திரும்பிப் போக வழி இல்லை. ஆகவே சிவப்பு பேசில் கிளம்பி, பல்பு வழியாக வந்து, இரண்டு வீட்டையும் சேர்க்கும் நியூட்ரல் துண்டில் ஓடி, இஸ்திரிப் பெட்டிக்குள் புகுந்து, மஞ்சள் பேசில் போய்ச் சேருகிறது. பல்பும் இஸ்திரிப் பெட்டியும் சீரியல் செட் பல்பு மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக ஆகி விட்டன. நடுவில் 400 வோல்ட்!

பல்பின் தடை 529 ஓம். இஸ்திரிப் பெட்டியின் தடை அதில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே 400 வோல்ட்டில் சுமார் 364 வோல்ட்டைப் பல்பு வாங்கிக் கொள்கிறது. இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது வெறும் 36 வோல்ட்.

100 வாட் பல்பு 250 வாட் மாதிரி கண்ணைப் பறிக்கும். கொஞ்ச நேரத்தில் பீஸ் போய் விடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியோ 25 வாட் சூடு கூட ஏறாமல் கிடக்கும். பல்பு போனதும் அதுவும் நின்று விடும். "பொட்டி ரிப்பேர்" என்று அந்த வீட்டம்மா நினைத்துக் கொள்வார்.

மூன்று பேசிலும் வீடுகள் இருந்தால்? இரண்டு பேசில் தலா 1,000 வாட், மூன்றாவதில் 100 வாட் என்று வைத்துக் கொண்டால், முதல் இரண்டுக்கும் 200 வோல்ட் வரும். மூன்றாவது வீட்டுக்கு 329 வோல்ட்! முதல் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. லேசாக லைட் மங்கியது என்பார்கள். மூன்றாவது வீட்டில் நெருப்பு.

இன்னொரு கொடுமை. அந்த வீட்டில் ஒரு சாமான் எரிந்து போனதும், அந்தப் பேஸ் இழுக்கும் கரண்டு இன்னும் குறையும். நோஞ்சான் இன்னும் நோஞ்சான் ஆவான். மிச்சம் இருக்கும் சாமான்களுக்கு வோல்டேஜ் இன்னும் ஏறும். அதனால்தான் ஒன்றோடு நிற்காமல் வரிசையாகப் போகிறது.

எது எரியும்?

முதலில் போவது எலெக்ட்ரானிக் சாமான்கள். டி.வி., செட்-டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர், எல்.இ.டி. பல்பு.

இவற்றுக்குள் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. விரல் பருமனில் சின்ன உருளை. பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும். 230 வோல்ட் மின்சாரம் அலையடிக்கும்போது உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொடும். அதை இந்த உருளை சுலபமாகத் தாங்கும். 364 வோல்ட் வந்தால் உச்சம் 515! உருளை வயிறு வீங்கி "டப்" என்று வெடிக்கிறது. அந்த நாற்றமும் புகையும் அதில் இருந்துதான்.

பேன் பெரும்பாலும் தப்பித்து விடும். கிறுகிறு என்று சுற்றி விட்டு, வோல்டேஜ் சரியானதும் ஒன்றும் நடக்காதது போல் சுற்றும்.

பிரிட்ஜ் கதை வேறு. வோல்டேஜ் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இறங்கினால் கம்ப்ரசர் மோட்டார் கிளம்ப முடியாமல் முக்கும். முக்க முக்க கரண்டை அதிகமாக இழுக்கும். காயில் சூடேறும். பிரிட்ஜ் பக்கத்தில் நின்றால் "உம்" என்ற சத்தம் கேட்கும். உடனே பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும்.

பியூஸ் ஏன் போகவில்லை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "இவ்வளவு செலவு பண்ணி எம்.சி.பி. போட்டோமே, அது ஏன் விழலை?"

பியூசும் எம்.சி.பி.யும் வோல்டேஜைப் பார்ப்பது இல்லை. கரண்டை மட்டும்தான் பார்க்கும். அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் துண்டிக்கும். நோஞ்சான் வீட்டில் 364 வோல்ட் வந்தாலும், ஒரு பல்புக்கும் டி.வி.க்கும் ஓடும் கரண்டு 2 ஆம்பியரைக் கூடத் தாண்டாது. எம்.சி.பி.யோ 16 ஆம்பியர், 32 ஆம்பியர் என்று காத்துக் கொண்டு இருக்கும். வீட்டுக்கு வாட்ச்மேன் போட்டாச்சு. அவரோ மாட்டைத் தேடுகிறார், திருடனைப் பார்க்கவில்லை என்ற கதைதான்.

"ஷாக் அடிக்காத சுவிட்ச்" என்று சொல்லி விற்கும் ஆர்.சி.சி.பி.யும் இதைத் தடுக்காது. பேசில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டும்தான் அது பார்க்கும். இங்கே இரண்டும் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷாக் விஷயத்தில் அது உயிர் காக்கும். ஆகவே அதைக் கழற்றிப் போட வேண்டாம்.

காலையில் அறுந்தது, இரவில் எரிந்தது

மூன்று பேசிலும் ஒரே அளவு கரண்டு ஓடினால் நியூட்ரலில் கரண்டே இருக்காது. முளை இல்லாமலே வளையம் நடுவில் நிற்கும். அந்த நேரத்தில் நியூட்ரல் அறுந்தால் யாருக்கும் தெரியாது.

காலை 11 மணிக்கு ஜாயின்ட் விட்டிருக்கும். எல்லா வீட்டிலும் ஏதோ கொஞ்சம் ஓடிக் கொண்டிருக்கும். லைட் லேசாக ஏறி இறங்கும். "ஈ.பி.காரன் வழக்கம்" என்று விட்டு விடுவார்கள். சாயங்காலம் ஒரு வீட்டில் தண்ணீர் ஹீட்டரைப் போட்டதும் இன்னொரு வீட்டில் டி.வி. வெடிக்கும். போட்டவருக்கும் தெரியாது, போனவருக்கும் தெரியாது!

தொழிற்சாலைகளில் இது இன்னும் விசித்திரம். மூன்று பேஸ் மோட்டாருக்கு நியூட்ரலே தேவை இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஜம்மென்று ஓடிக் கொண்டிருக்கும்போது, முன்னால் இருக்கும் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டர் மட்டும் கருகினால் மர்மம் ஒன்றும் இல்லை. நியூட்ரலைத்தான் பார்க்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

டி.வி. போனால் வாங்கிக் கொள்ளலாம். இனி சொல்லப் போவது அப்படி அல்ல.

"நியூட்ரல்ல ஷாக் அடிக்காது" என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் பூமியோடு இணைக்கப்பட்டு இருக்கும் வரைதான் அது செல்லும். அறுந்து விட்டால்?

மேலே சொன்ன பல்பு, இஸ்திரிப் பெட்டி கணக்கில், அறுந்து கிடக்கும் நியூட்ரல் துண்டுக்கும் பூமிக்கும் நடுவில் 200 வோல்ட் இருக்கும்! மூன்று வீட்டுக் கணக்கில் சுமார் 99 வோல்ட். தொட்டவர் கதி?

ஒற்றை பேஸ் வீட்டில் கூட இந்த ஆபத்து உண்டு. அந்த வீட்டுக்கு வரும் நியூட்ரல் மட்டும் அறுந்தால் எதுவும் வெடிக்காது. வீடு இருண்டு போகும். அவ்வளவுதான். கரண்டு இல்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பேஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு சுவிட்ச் "ஆன்" நிலையில் இருந்தால் போதும். பல்பின் இழை வழியாக அந்த 230 வோல்ட் நியூட்ரல் வயரிலும் வந்து உட்கார்ந்து கொள்ளும். வீட்டில் உள்ள அத்தனை கறுப்பு வயரும் உயிருள்ள வயர்!

இருட்டில் டார்ச் லைட்டைப் பிடித்துக் கொண்டு, "கரண்டுதான் இல்லியே" என்று ஹோல்டரில் கை வைப்பவர்கள் மாட்டிக் கொள்வது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பத்து இருபது ரூபாய் டெஸ்டர் போதும். பிளக் பாயிண்டில் ஒரு ஓட்டையில் மட்டும் எரிந்தால் சரி. இரண்டு ஓட்டையிலும் எரிந்தால், ஆனால் எந்த விளக்கும் எரியாவிட்டால், நியூட்ரல் போய் விட்டது என்று அர்த்தம். மெயினை ஆப் செய்து விட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

"எர்த்தில் போடு" வைத்தியம்

இந்த நேரத்தில் ஒரு கைவைத்தியர் வருவார். "நியூட்ரல் போச்சா? அதனால என்ன, எர்த்ல போட்டு எரிய விடறேன் சார்!" என்பார். எரியவும் செய்யும். வீட்டுக்காரர் கையில் நூறு ரூபாய் வைத்து அனுப்புவார்.

ஆனால் நடந்தது என்ன? வீட்டில் ஓடும் கரண்டு முழுவதும் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போகிறது. வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். கரண்டை மண் சுலபமாக வாங்காது. வோல்டேஜ் எர்த் வயரிலேயே தங்கும். அந்த எர்த் வயர் எங்கெங்கே போகிறது? பிரிட்ஜ் உடம்புக்கு. வாஷிங் மெஷின் உடம்புக்கு. கிரைண்டருக்கு. ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் பெண்மணிக்கு இந்த வைத்தியம் எமன்.

எர்த் வசதி இல்லாத பழைய வீடுகளில் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை நியூட்ரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டு விடுவார்கள். நியூட்ரல் அறுந்த நிமிஷம் பிரிட்ஜ் கைப்பிடியில் கரண்டு வந்து விடும்.

இரட்டைப் பியூஸ்

வடசென்னையிலும் மைலாப்பூரிலும் உள்ள பழைய வீடுகளில் போர்டைத் திறந்து பார்த்தால், பீங்கான் பியூஸ் இரண்டு இருப்பதைச் சில இடங்களில் இன்றும் காணலாம். ஒன்று பேசில். இன்னொன்று நியூட்ரலில். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டது.

அது பாதுகாப்பு அல்ல. நியூட்ரலில் உள்ள பியூஸ் மட்டும் போய் விட்டால், நியூட்ரலை நாமே அறுத்துக் கொண்டது போல் ஆகும். நியூட்ரலில் தனியாகப் பியூசோ சுவிட்சோ வைக்கக் கூடாது. பேசும் நியூட்ரலும் ஒரே நேரத்தில் சேர்ந்து துண்டிக்கும் சுவிட்ச் மட்டுமே வைக்கலாம் என்று 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லி விட்டார்கள். விதி ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம்!

ஏன் அறுகிறது?

எல்லா நேரமும் வயர் "டக்" என்று அறுவது இல்லை. பெரும்பாலும் ஜாயின்ட்தான் காலை வாருகிறது.

தெருவில் வருவது அலுமினியம். வீட்டில் இருப்பது செம்பு. இரண்டையும் நேராக முறுக்கி விட்டால் ஈரத்தில் அரித்து விடும். சென்னை கடலோர ஊர். உப்புக் காற்று வேறு. ஜாயின்டில் வெள்ளையாய்ப் பூத்து, சூடேறி, கறுத்து, ஒருநாள் விட்டு விடுகிறது. எலெக்ட்ரீசியன்கள் "கார்பன் புடிச்சிருக்கு" என்பது இதைத்தான்.

பிளாட்பாரத்தில் நிற்கும் பில்லர் பாக்சில் மழைத் தண்ணீர் புகுவது ஒரு காரணம். மெட்ரோ, மழைநீர் வடிகால், கேபிள் என்று ரோட்டைத் தோண்டும் பொக்லைன் இயந்திரம் பூமிக்கு அடியில் கேபிளைப் பதம் பார்ப்பது இன்னொரு காரணம். புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பங்களும் விழுந்தன. அப்படி விழுந்த லைனை மறுபடி கட்டும்போது நியூட்ரலை முதலில் சேர்க்க வேண்டும். பிரிக்கும்போது கடைசியாகப் பிரிக்க வேண்டும். அவசரத்தில் வரிசை மாறினால் தெருவே கருகும்.

புதிதாக ஒரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பழைய கணக்குப்படி, மூன்று பேசும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும், நியூட்ரலில் கொஞ்சம் கரண்டுதான் ஓடும். அதனால் பேசுக்குத் தடித்த வயரும் நியூட்ரலுக்கு அதில் பாதி வயரும் வைத்துக் கேபிள் செய்தார்கள். "மூன்றரை கோர்" கேபிள் என்று இன்றும் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சிக்கனம்!

ஆனால் கம்ப்யூட்டரும் எல்.இ.டி. விளக்கும் கரண்டைச் சீராக இழுப்பது இல்லை. விட்டு விட்டுக் கடித்து இழுக்கின்றன. அதனால் கிளம்பும் ஒரு வகை அலை, மூன்று பேசிலும் ஒன்றை ஒன்று அடித்துக் கொள்ளாமல், நியூட்ரலில் போய் ஒன்றாகக் கூடி விடுகிறது. கம்ப்யூட்டர் நிறைந்த கட்டடங்களில் பேசில் ஓடுவதை விட நியூட்ரலில் அதிக கரண்டு ஓடுவது உண்டு. பாதி வயரில் முழுச் சுமைக்கு மேல் சுமை. சூடேறாமல் என்ன செய்யும்?

கல்யாண மண்டபம், அடுக்குமாடி

ஜெனரேட்டர் வைத்திருக்கும் அடுக்குமாடிகளில் கவனிக்க வேண்டிய இடம், ஈ.பி.யில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மூன்று பேசும் நியூட்ரலும் சேர்ந்து நான்கு கத்திகள். நியூட்ரல் கத்தி தேய்ந்து, சரியாகப் பிடிக்காமல் இருந்தால், மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கண்டம்தான். "ஜெனரேட்டர் போட்டா பல்பு போகுது" என்று யாராவது புகார் சொன்னால் செயலாளர் அதை அலட்சியம் செய்யக் கூடாது. அந்தக் கத்தியைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் இன்னும் மோசம். சீரியல் செட், மைக் செட், சமையல் கட்டில் கிரைண்டர் எல்லாம் ஒரு ராத்திரிக்காகக் கட்டுவது. நியூட்ரலை இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டி விட்டுப் போய் விடுவார்கள். முகூர்த்த நேரத்தில் சமையல்காரர் கிரைண்டரைப் போடுவார். மைக் செட் ஆம்பிளிபயர் புகையும்! மைக் செட்காரர் மண்டபத்துக்காரரைத் திட்டுவார். மண்டபத்துக்காரர் பந்தல்காரரைத் திட்டுவார்.

தடுக்க முடியுமா?

முடியும். மெயின் போர்டில் மாட்டும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆப் கருவி கடைகளில் கிடைக்கிறது. வோல்டேஜ் சுமார் 270-ஐத் தாண்டினால் வீட்டையே துண்டித்து விடும். மிகவும் இறங்கினாலும் துண்டிக்கும். சரியான பிறகு சிறிது நேரம் காத்திருந்து தானாகச் சேர்க்கும். இரண்டு டி.வி. போர்டு ரிப்பேர் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய பணம் அல்ல. மூன்று பேஸ் வீட்டுக்கு மூன்று பேசையும் கண்காணிக்கும் கருவி வேண்டும்.

"பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இருக்கே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதன் பெட்டியில் "ஹை கட்-ஆப்" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லா விட்டால் 360 வோல்ட்டில் ஸ்டெபிலைசரும் சேர்ந்து போகும்.

மூன்று பேஸ் வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பித் திருப்பி "எதுல நல்லா வருது" என்று பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நியூட்ரல் போன நேரத்தில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். மங்கலாக எரியும் பேசில் இருந்து மாற்றினால் அடுத்த பேசில் 329 காத்திருக்கலாம்!

அறிகுறி என்ன? ஒரு அறையில் பளிச்சென்றும் இன்னொரு அறையில் மங்கலாகவும் எரிவது. மோட்டார் போட்டதும் லைட் மங்குவதற்குப் பதில் பிரகாசம் ஆவது. இந்த இரண்டாவது அறிகுறி முக்கியம். மோட்டார் போட்டால் லைட் மங்குவது சகஜம். பிரகாசம் ஆவது சகஜம் அல்ல.

பார்த்த உடனே மெயினை ஆப் செய்ய வேண்டும். மாடி வீடு, கீழ் வீடு எல்லோரையும் கூப்பிட்டு ஆப் செய்யச் சொல்ல வேண்டும். பிறகு மின்வாரிய பிரிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். 2021-ம் ஆண்டு தொடங்கிய "மின்னகம்" புகார் மையத்தின் எண் 94987 94987. "கரண்டு இல்லை" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்து விடுவார்கள். "நியூட்ரல் கட் ஆகி இருக்கு, வோல்டேஜ் ஏறுது" என்று சொல்ல வேண்டும்.

லைன்மேன் வந்து ஜாயின்டைச் சரி செய்ததும் "போட்டுக்கோங்க சார்" என்பார். உடனே போட்டு விட வேண்டாம். அவரையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிவப்புக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, மஞ்சளுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, நீலத்துக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு? மூன்றும் 230-க்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். அதுவும் யாராவது ஒருவர் வீட்டில் ஹீட்டரைப் போட்டு வைத்துப் பார்க்க வேண்டும். சுமை இல்லாமல் பார்த்தால் விட்டுப் போன ஜாயின்ட் கூட நல்ல பிள்ளை மாதிரி 230 காட்டும்.

பிறகு முதலில் ஒரு பல்பு. அது ஐந்து நிமிஷம் ஒழுங்காக எரிந்த பிறகு பேன். டி.வி., பிரிட்ஜ் எல்லாம் கடைசியில்.